பெடல் துடித்தால் காலை எடுக்க வேண்டுமா? ஏபிஎஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி ஏபிஎஸ் ('ஆண்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்') பற்றியவையாகத்தான் இருக்கின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன், கேள்வியின் போக்கை மாற்றவில்லை. எளியவை முன்னால் இருக்கின்றன, தலையைச் சொறிய வைத்தவை பின்னால் வருகின்றன.

"பிரேக்கை மிதித்தால் கார் நிற்கிறது. அதற்கு மேல் ஏபிஎஸ் எதற்கு?"

பிரேக்கை மிதித்தால் நிற்பது சக்கரம். கார் நிற்பது அதற்கு அடுத்த விஷயம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது பிரேக் பேட். காரைப் பிடித்து நிறுத்துவதோ, சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அகல ரப்பர், சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு. பதற்றத்தில் ஓங்கி மிதிக்கும்போது பேடின் பிடி, ரப்பரின் பிடியை மிஞ்சிவிடுகிறது. சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடுகிறது, கார் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. பட்டறையில் இதை 'வீல் லாக்' என்போம்.

அப்படி லாக் ஆன வண்டியில் ஸ்டியரிங் இருந்தும் இல்லாததுபோல்தான். உருளும் சக்கரம் தான் பார்க்கும் திசையில் எளிதாகப் போகும், பக்கவாட்டில் தள்ளினால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் காரைத் திருப்புகிறது. உருளாத சக்கரத்துக்கு முன், பின், பக்கம் என்ற பேதமே கிடையாது. பிள்ளைகளின் அழிரப்பரை மேசைமேல் எப்படித் திருப்பி வைத்துத் தள்ளினாலும் தள்ளிய திசையில்தானே போகிறது, அதே கதைதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் கார் நேராகவே போய் மோதும். சக்கரம் லாக் ஆகாமல் உருண்டுகொண்டே வேகம் குறையும்படி பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. முழு பிரேக்கில் இருக்கும்போதே ஒதுங்கிப் போகவும் முடிய வேண்டும், அதற்காக வந்தது அது.

"அப்படியானால் ஏபிஎஸ் இருந்தால் கார் சீக்கிரம் நின்றுவிடும், சரிதானே?"

பாதி சரி. டயருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வழுக்காமல் முழுக்க உருளும்போது அதன் பிடிமானம் முழுதாக வெளிப்படுவதில்லை. முழுக்க வழுக்கும்போதும் பிடி குறைந்துவிடும். பெரும்பகுதி உருண்டு, 10 முதல் 20 சதவீதம்வரை வழுக்கும் நிலையில்தான் தார்ச்சாலையை மிக நன்றாகப் பிடிக்கும். கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரத்தின் விளிம்பு 50 கி.மீ. வேகத்தில் சுற்றினால் அந்த நிலை. ஏபிஎஸ் சக்கரத்தை இந்த எல்லைக்கு அருகிலேயே பிடித்து வைக்கப் பார்க்கிறது. அதனால் தார்ச்சாலையில், முக்கியமாக ஈரத்தில், சக்கரம் லாக் ஆகி வழுக்கும் காரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். மண்ணிலும் ஜல்லியிலும் நிலைமை தலைகீழ். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் அந்த மிச்சம் பெரிய மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு இதுதான். 80 கி.மீ. வேகம், நல்ல டயர், உலர்ந்த சாலை என்றால் பிரேக் பிடித்த புள்ளியிலிருந்து நிற்க ஏறத்தாழ 31 மீட்டர் ஆகும். அதே சாலை நனைந்திருந்தால் 50 மீட்டரைத் தொடும். இதற்கெல்லாம் முன்னால், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். அந்த 22 மீட்டரில் ஏபிஎஸ்ஸுக்கு எந்த வேலையும் இல்லை.

"உள்ளே என்னதான் நடக்கிறது? மாட்யூல் என்கிறார்கள், சென்சார் என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை."

ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலும் ஒரு பல்வளையம் சுற்றுகிறது. சில வண்டிகளில் பல்லுக்குப் பதில் பேரிங்கிலேயே காந்தப் பட்டை பதித்திருப்பார்கள். அதன் எதிரே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் விரல்நுனிப் பருமனுள்ள சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பல் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு போகிறது. துடிப்புகளை எண்ணினால் சக்கரத்தின் வேகம் தெரிந்துவிடும்.

துடிப்பை எண்ணுவது, எஞ்சின் அறையில் ஒரு அலுமினியக் கட்டியோடு ஒட்டியிருக்கும் கம்ப்யூட்டர். அந்தக் கட்டிதான் மாட்யூல். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் குழாய்கள் அதற்குள் நுழைந்து, சக்கரங்களுக்குப் பிரிந்து போகின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு மின்வால்வுகள், ஆக எட்டு. ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென்று மெதுவானால், முதல் வால்வு மூடும். நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சக்கரத்துக்கு மேற்கொண்டு அழுத்தம் போகாது. அப்படியும் சக்கரம் மீளாவிட்டால் இரண்டாவது வால்வு திறந்து, இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியதும் முதல் வால்வு திறக்கும், அழுத்தம் ஏறும். பிடி, நிறுத்து, விடு, மறுபடி பிடி என்ற இந்தச் சுற்று ஒரு விநாடியில் பத்துப் பதினைந்து தடவைவரை நடக்கும். கசியவிட்ட ஆயிலை ஒரு சிறிய பம்ப் மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திருப்பித் தள்ளுகிறது. இந்தப் பம்பை நினைவில் வையுங்கள், அடுத்த கேள்வியின் கதாநாயகன் அவன்தான்.

"போன வாரம் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அழுத்தி மிதித்தேன். பெடல் கடகடவென்று காலை உதைத்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக் கெட்டுவிட்டதா?"

இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. பிரேக் கெடவில்லை. பிரேக் மிகச் சரியாக வேலை செய்த ஒரே கணத்தில் நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளும்போது அந்தத் தள்ளல் மாஸ்டர் சிலிண்டர் வழியாக உங்கள் பாதத்துக்கு வருகிறது. ஜல்லிமேல் சைக்கிள் ஓட்டினால் கைப்பிடி அதிர்வதுபோல் பெடல் அதிரும். கூடவே முன்பக்கத்திலிருந்து ஏதோ பற்சக்கரம் அரைபடுவதுபோல் சத்தமும் வரும். முதல் தடவை கேட்பவருக்கு ஏதோ உடைந்துவிட்டது என்றே தோன்றும்.

துடித்தால் இன்னும் அழுத்துங்கள். கார் நிற்கும்வரையோ ஆபத்தைத் தாண்டும்வரையோ காலைத் தளர்த்தாதீர்கள். கண்ணை நாயின்மேல் வைக்காமல், காலியாக இருக்கும் வழியின்மேல் வைத்து ஸ்டியரிங்கை அங்கே திருப்புங்கள். வெடுக்கென்று ஒடிக்கத் தேவையில்லை. வேகத்தோடு அதிகமாக ஒடித்தால், பிரேக்குக்கும் திரும்பலுக்கும் ஒரே ரப்பர் பங்கு போட வேண்டியிருப்பதால் இரண்டும் அரைகுறையாகும்.

நான் புதிய ஓட்டுநர்களை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு காலி மைதானத்துக்கு அழைத்துப்போய், 40 கி.மீ. வேகத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்வது வழக்கம். பள்ளி ஆசிரியை ஒருவர் மூன்று தடவையும் பாதியில் காலை எடுத்தார். நான்காவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தபடியே இருந்தார். வண்டி குலுங்கி நின்றது. "இவ்வளவுதானா?" என்றார். அந்த நான்கு தடவைக்கான பெட்ரோல் பத்து ரூபாய்கூட இருக்காது. வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் பின்னால் யாரும் வராத இடத்தில் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

"என் அப்பா பழைய லாரி ஓட்டுநர். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அது தவறா?"

அவர் ஓட்டிய வண்டிக்கு அது மிகச் சரி. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் லாக் ஆகும்போது காலைத் தளர்த்தி மறுபடி மிதிப்பது நல்ல ஓட்டுநரின் அடையாளம். தேர்ந்த காலுக்கும் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது. அதுவும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே கால். ஏபிஎஸ் உள்ள காரில் அதே வித்தையைக் காட்டினால், நீங்கள் காலைத் தளர்த்தும் ஒவ்வொரு முறையும் பிரேக் இல்லாமல் சில மீட்டர் ஓடுகிறீர்கள். அப்பாவின் வண்டியில் அப்பா சொன்னபடி, உங்கள் காரில் முந்தைய பதிலில் சொன்னபடி.

"இது யார் கண்டுபிடித்தது? இப்போது புதிதாக வந்ததா?"

முதலில் வந்தது விமானத்தில். ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் லாக் ஆனால் டயர் தேய்ந்து வெடித்துவிடும். அதற்காக 1950களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் 'மாக்சாரெட்' என்ற கருவியை விமானங்களுக்குக் கொண்டுவந்தது. மின்னணு எதுவும் இல்லாத, முழுக்க எந்திரமாகவே இயங்கிய சாதனம் அது. 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற ஆங்கிலேயக் காரில் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். 1971-ல் அமெரிக்காவில் கிறைஸ்லர், இம்பீரியல் காரில் நான்கு சக்கரத்துக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொடுத்தது. இன்று நம் வண்டிகளில் இருப்பதன் நேரடி மூதாதை, 1978-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்து மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் வந்த அமைப்பு. ஏபிஎஸ் என்ற மூன்றெழுத்தும் 'ஆண்டிபிளோக்கியர் சிஸ்டம்' என்ற ஜெர்மன் சொல்லுக்குப் பொருந்துபவைதான்.

இந்தியாவில் புதிய கார் மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமானது. அதற்கு முன்பு விலை கூடிய ரகத்தில் மட்டும் கிடைக்கும் சலுகையாக இருந்தது.

"என் காரில் ஏபிஎஸ் இல்லை. வாங்கிப் பொருத்தித் தருவீர்களா?"

மாட்டேன். சென்சார், ஹப், மாட்யூல், குழாய், ஒயரிங் எல்லாம் மாற வேண்டும். அந்த மாடலின் எடைக்கும் டயருக்கும் ஏற்றபடி கம்ப்யூட்டரின் கணக்கும் அமைய வேண்டும். 'ஏபிஎஸ் கிட்' என்ற பெயரில் பிரேக் குழாயில் செருகும் ஒரு சின்ன உருளையைச் சிலர் விற்கிறார்கள். சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாத ஒன்றுக்குச் சக்கரம் லாக் ஆனதே தெரியாது. அந்தப் பணத்துக்கு நான்கு நல்ல டயர் போடுங்கள்.

"இபிடி என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றா?"

இபிடி என்பது 'எலெக்ட்ரானிக் பிரேக்ஃபோர்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்'. ஒரே மாட்யூல், வேறு வேலை. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் சம அழுத்தம் கொடுத்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகிவிடும். ஆள் எத்தனை பேர், டிக்கியில் மூட்டை இருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறும். பின்சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை அந்தந்தக் கணத்தில் அளந்து கொடுப்பது இபிடி. ஏபிஎஸ் விழித்துக்கொள்வதற்கு முன்பே, சாதாரண பிரேக்கிலும் இது வேலை செய்துகொண்டிருக்கும்.

பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையின் பொம்மைக் காரை எடுத்து, முன்சக்கரம் இரண்டையும் ஒட்டு நாடாவால் சுற்றாதபடி ஒட்டுங்கள். பலகையைச் சாய்த்து வைத்துச் சறுக்க விடுங்கள். நேராக இறங்கும். இப்போது முன்சக்கரத்தை விடுவித்துப் பின்சக்கரத்தை ஒட்டுங்கள். பாதி வழியில் கார் தானாகச் சுழன்று, பின்பக்கம் முன்னால் வர இறங்கும். நெடுஞ்சாலையில் கார் சுழல்வதும் இப்படித்தான்.

"ஏபிஎஸ் இருப்பதால் மழையில் பயமில்லை அல்லவா?"

இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் செலவழிக்கத்தான் ஏபிஎஸ்ஸுக்குத் தெரியும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்க அதனால் முடியாது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது, டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள நேரம் போதாமல் டயர் தண்ணீர்மேல் மிதந்துவிடும். மிதக்கும் சக்கரத்தை லாக் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அது கழிக்க வேண்டிய டயர். மழைக்காலத்துக்கு அந்த எல்லையைத் தொடும்வரை காத்திருப்பது என் கணக்கில் கஞ்சத்தனம். மொட்டை டயரோடு வந்து "ஏபிஎஸ் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் டயரைத்தான் காட்டுகிறேன்.

"ஊர்ப்பக்கம் போனேன். ரோட்டில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறது, கார் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?"

தானியம், மணல், சின்ன ஜல்லி எல்லாமே டயருக்கும் தாருக்கும் நடுவே குண்டு பேரிங்போல் உருளும். பிடிமானம் மிகக் குறைவு, அதனால் கொஞ்சம் மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகப் பார்க்கும், ஏபிஎஸ் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆழமான மண்ணிலோ ஜல்லியிலோ ஏபிஎஸ் இல்லாத கார் சில சமயம் முன்னதாகவே நின்றுவிடும். லாக் ஆன சக்கரம் மண்ணை உழுது தன் முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொள்ளும், அந்த மேடே தடையாகும். ஏபிஎஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பதால் மேடு சேராது. இரண்டாவது பதிலில் 'தலைகீழ்' என்று சொன்னது இதைத்தான். ஸ்டியரிங் கையில் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. கேழ்வரகைக் கண்டால் அதில் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், ஏறியபின் பிரேக்கைத் தேடாதீர்கள். காயப்போட்டவரின் உழைப்புக்கும் அதுதான் மரியாதை.

இதற்குத் தம்பி முறையான சிக்கல் ஒன்று உண்டு. எதிரே பஸ் வர, இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி ஓட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் ஓங்கி மிதித்தால், தாரில் இருக்கும் வலப்பக்கம் மட்டும் நன்றாகப் பிடித்து, காரை பஸ் பக்கமே இழுக்கும். ஏபிஎஸ் இருந்தால் இழுப்பு வெகுவாகக் குறையும், முழுக்கப் போகாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

"கொல்லிமலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. ஏபிஎஸ் இருந்துமா?"

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கியிருப்பீர்கள். பேட் சூடாகி வழவழத்துப்போய், பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் நிற்காமல் போவது ஒரு வகை. பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்குவது இன்னொரு வகை. இரண்டிலும் ஏபிஎஸ்ஸுக்குப் பங்கே இல்லை. பிரேக் அதிகமாகப் பிடித்தால்தான் அதற்கு வேலை. பிடிக்காத பிரேக்கில் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்த கியரில் மலை ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது உண்மையில் எண்ணெயே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் தரம் எதிர்பார்ப்பது 155 டிகிரி மட்டுமே. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். ஈரம் ஏறிய ஆயில் மாட்யூலின் வால்வுகளையும் உள்ளிருந்தே அரிக்கும், மாட்யூலின் விலையைக் கேட்டபின் யாரும் ஆயிலுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

"மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓட்டிக்கொண்டு வரலாமா?"

ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் வரலாம். அமைப்பு தன்னிடம் ஏதோ பழுது கண்டு ஒதுங்கிக்கொண்டது. சாதாரண பிரேக் அப்படியே இருக்கும், உங்கள் கார் பழைய காலத்துக் காராகிவிட்டது என்று நினைத்து ஓட்டுங்கள். ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகும்.

சிவப்பு பிரேக் விளக்கு வேறு. ஹேண்ட் பிரேக் இறங்கியிருந்தும் அது எரிந்தால், ஆயில் குறைந்திருக்கலாம். ஓரமாக நிறுத்திப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் இபிடியும் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள், பொம்மைக் கார் சுழன்றதை நினைத்துக்கொண்டு போன் செய்யுங்கள், நானே வருகிறேன்.

"ஸ்கேனரில் 'இடது பின்சக்கர சென்சார்' என்று வந்தது. புதியது வாங்கி மாட்டிவிடலாமா?"

ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் கருவி. அந்தச் சக்கரத்திலிருந்து சரியான சேதி வரவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும். சென்சார் செத்ததா, ஒயர் அறுந்ததா, பேரிங் ஆடுகிறதா, பல்வளையம் துருப்பிடித்ததா என்பதைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊரில் பாதி வழக்கில் குற்றவாளி, ஒயரைக் கடிக்கும் எலி.

ஒருவர் வேறோர் இடத்தில் ஒரே சென்சாரை இரண்டு தடவை மாற்றிவிட்டு வந்தார். வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில், 10 கி.மீ. வேகத்தில், காரணமே இல்லாமல் பெடல் துடிக்கிறது என்றார். சக்கரத்தைக் கழற்றி, சென்சாரை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் நுனியில் இரும்புத்தூள் பூனைமுடிபோல் சிலிர்த்து நின்றது. பல்வளையத்தை டார்ச் அடித்து ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரே இடத்தில் துரு பொருக்காகக் கிளம்பி இரண்டு பற்களை மூடியிருந்தது. வேகமாகப் போகும்போது கம்ப்யூட்டர் அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டது. மெதுவாகும்போது துடிப்புகள் எண்ணிக்கையில் குறைவு, அதில் இரண்டு விட்டுப்போனால் சக்கரம் நின்றுவிட்டது என்றே அது நினைக்கும். கம்பித் தூரிகையும் பழந்துணியும் போதுமானதாக இருந்தன. வாங்கிய இரண்டு சென்சார்களில் ஒன்றை அவர் நினைவுக்காக வைத்திருக்கிறார்.

"பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பிரேக் ஒரு கணம் விட்டுப் பிடிப்பதுபோல் இருக்கிறது. பழுதா?"

பழுதில்லை. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் தொங்குகிறது. தரை இல்லாத சக்கரம் பிரேக்கில் உடனே நின்றுவிடும். கம்ப்யூட்டர் அதை வழுக்கல் என்று எண்ணி அழுத்தத்தை விடுகிறது. சக்கரம் தரையைத் தொட்டு மறுபடி அழுத்தம் ஏறுவதற்குள் வண்டி முன்னால் பாய்வதுபோல் ஓர் உணர்வு வரும். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் இருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

"நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் லாக் ஆனால், கார் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் ஏமாறாதா?"

பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டது. அவருக்கு அன்றைய டீ என் கணக்கில். உண்மையில் கம்ப்யூட்டருக்குச் சாலையைப் பார்க்கும் கண் கிடையாது. காரின் வேகத்தையும் அது சக்கரங்களைக் கொண்டே ஊகிக்கிறது. அதைக் காப்பாற்றுவது இயற்பியல். எவ்வளவு நல்ல சாலையிலும் 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்க ஏறத்தாழ இரண்டு விநாடி வேண்டும். சக்கரமோ அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடும். 'இந்த வேகத்தில் ஒரு கார் நிற்கவே முடியாது, ஆகவே சக்கரம் பொய் சொல்கிறது' என்று முடிவு செய்துதான் அழுத்தத்தை விடுகிறது. நான்கில் வேகமாகச் சுற்றும் சக்கரத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அதுவும் நம்ப முடியாத வேகத்தில் குறைந்தால் தன் ஊகத்தை மெதுவாகவே இறக்கும்.

பனிக்கட்டிபோன்ற தரையில் இந்த ஊகம் தடுமாறும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் எல்லாம் சேர்ந்தே மெதுவாவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் அவற்றில், வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாக மெதுவாகிறது என்று அளக்கத் தனி சென்சார் வைத்தார்கள். இப்போது இஎஸ்சி (கார் சறுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு) உள்ள பல கார்களிலும் அப்படியொன்று இருக்கிறது.

"ஏபிஎஸ் வந்தபின் விபத்து குறைந்ததா, சொல்லுங்கள்."

எதிர்பார்த்த அளவு குறையவில்லை, அதுதான் வேடிக்கை. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஏபிஎஸ் உள்ள டாக்சிகளையும் இல்லாத டாக்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ் வண்டி ஓட்டியவர்கள் வளைவுகளை இன்னும் வேகமாகவும், முன்வண்டியை இன்னும் நெருங்கியும் ஓட்டியிருந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2009-ல் வெளியிட்ட ஆய்வில், உயிர்ப்பலி விபத்துகளில் நிகர மாற்றம் ஏறக்குறைய இல்லை, உயிர்ப்பலி இல்லாத விபத்துகள் கார்களில் 6 சதவீதம் குறைந்தன என்று கண்டார்கள். இதைச் சொன்னதும் "அப்போது எதற்கு வெட்டியாக?" என்று கேட்ட டிராவல்ஸ் ஓட்டுநர், மறுவாரம் சுங்கச்சாவடி அருகே லாரிக்குப் பின்னால் ஒதுங்கித் தப்பித்துவிட்டு வந்து, கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் ஏபிஎஸ் காப்பாற்றுமா?"

காப்பாற்றாது. நெம்புகோலை இழுக்கும் வகையில் அது கம்பி வழியாகப் பின்சக்கரத்தைப் பிடிக்கிறது, மாட்யூல் நடுவில் இல்லை. ஓடும் வண்டியில் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொம்மைக் காரையே பாருங்கள்.

"பழைய கார் வாங்கப் போகிறேன். ஏபிஎஸ் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?"

சாவியைப் போட்டதும், எஞ்சினைக் கிளப்பும் முன், ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பல்பைப் பிடுங்கியோ கறுப்பு நாடா ஒட்டியோ இருப்பார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் அதன் ஒயரை வேறொரு விளக்கோடு கோத்துவிடுவார்கள், இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். ஏபிஎஸ் விளக்கும் எஞ்சின் ஆயில் விளக்கும் இரட்டைப் பிள்ளைகள்போல் நடந்துகொண்டால் டாஷ்போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு யாருமில்லாத இடத்தில், கொஞ்சம் மணல் படிந்த தாரில், 40 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். பெடல் துடிக்க வேண்டும். இறங்கிப் பின்னால் போய்ச் சாலையைப் பாருங்கள். சக்கரம் லாக் ஆகியிருந்தால் நீளமான இழுவைக்கோடு இருக்கும். ஏபிஎஸ் வேலை செய்திருந்தால் விட்டு விட்டு, மங்கலாகத்தான் தடம் தெரியும். நண்பர் ஒருவருக்காகக் கார் பார்க்கப் போனபோது, இதைச் செய்யட்டுமா என்று விற்பவரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் மிதித்தால் பிரேக் தேய்ந்துவிடும், சார்" என்றார். நண்பர் அந்தக் காரை வாங்கவில்லை.